ஏற்காட்டுல பெல்லட் கிரில்: ஐப்பசில இருந்து தை வரைக்கும் எப்படி எடுத்து வைக்கிறது?

நாகலூர் ரோட்டு வீடு:
வணக்கங்க. ஏற்காட்டுல எங்க மாமனாருக்கு ஒரு வீடு இருக்கு, சுத்தி கொஞ்சம் காப்பி, மிளகு. மச்சான் அமெரிக்கால இருந்து திரும்பி வர்றப்ப வீட்டு சாமானோட கறி சுடுற ஒரு பெல்லட் கிரில்லும் கொண்டு வந்தாரு, மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன சின்ன குச்சிய பெட்டில கொட்டிட்டா கரண்டுல அதுவே தள்ளி அதுவே எரிச்சுக்கும். கோடை பூரா நல்லா ஓடுச்சு. போன ஐப்பசில மழை புடிச்சதும் தார்ப்பாய போட்டு இறுக்கி கட்டிட்டு சேலத்துக்கு எறங்கிட்டோம். பொங்கலுக்கு மலைக்கு போயி பிரிச்சா உள்ள தண்ணி முத்து முத்தா நிக்குது, கம்பி பூரா துரு, குச்சி போற குழாய்ல எல்லாம் ஊறிப்போயி திரும்ப காஞ்சு சிமெண்ட் மாதிரி இறுகிக் கெடக்கு. சுவிட்ச போட்டா மோட்டார் உறுமுது, திரும்ப மாட்டேங்குது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஸ்குரூ டிரைவர வச்சு குத்தி எடுத்தோம். பேரப்புள்ளைங்க வந்தா மாமனாரு தன் கையால கோழி சுட்டுக் குடுக்கணும்னு காத்துட்டு இருப்பாரு, அன்னிக்கு அவரு முகத்த பாக்க முடியல. இந்த வருஷமும் நாலு மாசம் வீடு பூட்டித்தான் கெடக்கும். என்னென்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்குட்டை எஸ்டேட்:
உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துருக்குங்க. குளிரு அந்த மெசின ஒண்ணும் பண்ணாது, மலை மேல எதிரி ஈரந்தான். 1500 மீட்டர் உயரத்துல கார்த்திகை மார்கழில பகல்லயே மேகம் வீட்டுக்குள்ள வரும், தார்ப்பாய இறுக்கி கட்டுனா அந்த ஈரம் உள்ளயே மாட்டிக்கும்.

எல்லாரும் குச்சி கொட்டுற ஹாப்பர் பெட்டிய காலி பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறாங்க, ஆனா அதுக்கு அடியில குச்சிய தள்ளுற திருகு மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, ஆகர்னு சொல்வாங்க, அதுக்குள்ள நிக்கிற குச்சிதான் ஊறி உப்பி அடைக்கிறது. அதனால பெட்டிய அள்ளி காலி பண்ணிட்டு கிரில்ல ஒரு தடவ பத்த வச்சு, உள்ள மிச்சம் இருக்கிறது பூரா எரிஞ்சு தானா அணையிற வரைக்கும் ஓட விடுங்க. சூடு எறங்குதுன்னு எரர் காட்டும், பயப்படாதீங்க. அப்புறம் ஆஃப் குடுத்துட்டு ஃபேன் தானா நிக்கிற வரைக்கும் பிளக்க புடுங்காதீங்க.

அடுத்த நாள்தான் சாம்பல அள்ளணும். அன்னிக்கே வேக்குவம் போட்டா உள்ள ஒரு கங்கு கெடந்தாலும் வேக்குவம் பத்திக்கும். ஆனா அள்ளாமயும் விடக்கூடாது, சாம்பல் ஈரத்த இழுக்கும், ஈரமான சாம்பல் குச்சி எரியிற கிண்ணம் இருக்கே, ஃபயர் பாட், அதோட தகட்ட அரிச்சுரும். கொழுப்பு வடியிற தகடு, கிரீஸ் வாளி எல்லாம் சுரண்டி எடுங்க. எலிக்கு அந்த வாசம் போதும், வந்துச்சுன்னா ஒயர கடிச்சுட்டுத்தான் போகும். ஹோஸ் வச்சு மட்டும் தண்ணி அடிச்சுராதீங்க. கம்பிய நல்லா காய வச்சு கடலெண்ணெய ஒரு துணில தொட்டு லேசா பூசுங்க, தடிமனா பூசுனா பிசுபிசுன்னு சிக்கு புடிச்சுரும். உள்ள பென்சில் மாதிரி நீட்டிட்டு இருக்கிற சூடு பாக்குற ப்ரோப்ல எண்ணெய் படாம துடைங்க.

அஸ்தம்பட்டி ஒர்க்‌ஷாப்:
கரண்டு விஷயம் நான் சொல்றேன். அமெரிக்கா மெசின்னா 120 வோல்ட்டு, வோல்ட்ட கொறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சுதான் ஓட்டுவீங்க. ரெண்டையும் கழட்டிட்டு டிரான்ஸ்ஃபார்மர வீட்டுக்குள்ள அலமாரில வைங்க. பிளக்குல மாட்டியே விட்டா, மலைல இடி இறங்குனா மெசினுக்குள்ள இருக்கிற கண்ட்ரோல் போர்டு போயிரும். திரும்ப ஓட்டுறப்ப ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிஞ்சா தானா கட் ஆகுற சுவிட்ச், ட்ரிப் ஆச்சுன்னா மொதல்ல குச்சிய பத்த வைக்கிற இக்னைட்டர பாருங்க, அதுல ஈரம் ஏறுனாலே தட்டி விடும். இன்னொண்ணு, ஆகர் அடைச்சு மோட்டார் உறுமுனா திரும்ப திரும்ப சுவிட்ச போடாதீங்க, ஒண்ணு ஆகரையும் மோட்டாரையும் சேத்துப் புடிக்கிற பின் உடையும், இல்ல மோட்டார் காயில் கருகும். பிளக்க புடுங்கிட்டு மோட்டார கழட்டி ஆகர கையால பின்பக்கமா திருப்பி எடுக்கணும்.

ஏற்காடு டவுன்:
எங்க வீட்டுல துணி அலமாரிக்குள்ள பல்பு எரிய விடுவோம், பூசணம் புடிக்காது. கிரில்லுக்குள்ள ஒரு 25 வாட்ஸ் பல்பும் நாலு நாப்தலீன் உருண்டையும் போட்டா வேலை முடிஞ்சுதே?

மஞ்சக்குட்டை எஸ்டேட்:
அண்ணா, அலமாரிக்கு சரிங்க, இதுக்கு வேண்டாம். பூட்டுன வீடு, உள்ள எவ்வளவு சுரண்டுனாலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கத்தான் செய்யும், நாலு மாசம் ஆளில்லாம பல்பு எரியிறது ஆபத்து. நாப்தலீன் சோறு பொங்குற எடத்துல வைக்கிற பொருளே இல்ல. அதுக்குப் பதிலா புகைபோக்கி வாயில பொடிக்கண்ணு கம்பி வலைய கட்டுங்க, எலி அணில் போகாது, காத்து மட்டும் போகும். கட்டிட்டு கைப்பிடில ஒரு செவப்புத் துணிய முடிஞ்சு விடுங்க, வலை இருக்கிறது மறந்து யாரும் பத்த வச்சுரக்கூடாது.

மேல மூடுறதுக்கு கேன்வாஸ்தான் சரி, கீழ நாலு விரக்கடை எடம் விட்டு தொங்கட்டும். கார் ஷெட்டுல, சுவத்துல ஒட்டாம நிறுத்துங்க. சூடு முழுசா ஆறாம மூடாதீங்க.

நாகலூர் ரோட்டு வீடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மிச்சம் ரெண்டு மூட்டை குச்சி இருக்கு, அத என்ன பண்றது? அது தீந்தா சேலம் பக்கம் பாய்லருக்கு விக்கிற பெல்லட்ட வாங்கிக்கலாமா, வெலை கம்மியா இருக்கே?

மஞ்சக்குட்டை எஸ்டேட்:
பாய்லர் பெல்லட் வேணாங்க. அதுல கடலத்தோலு, பழைய பலகைத் தூளு, பெயிண்ட் அடிச்ச மரம்னு என்ன கலந்துருக்குன்னு யாருக்கும் தெரியாது, அந்தப் புகையத்தான் கறி குடிக்கும், அத புள்ளைங்க சாப்புடும். இருக்கிற மூட்டைய மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் ட்ரம்ல கொட்டி சேலத்துக்கே எடுத்துட்டுப் போயிருங்க. மேலயே வைக்கணும்னா காப்பிக் கொட்டை மூட்டைய எப்படி வைப்போம், தரையில படாம சுவத்துல சாயாம பலகை மேல, அப்படி வைங்க. எடுக்கறப்ப ஒரு குச்சிய ஒடிச்சுப் பாருங்க, சடக்குன்னு முறிஞ்சு வெளிய வழவழன்னு இருந்தா நல்லது. கையில மாவா உதிர்ந்தா கிரில்ல போடாதீங்க.

நாகலூர் ரோட்டு வீடு:
முந்தாநேத்து மேல போயி செஞ்சுட்டேங்க. பெட்டி காலியான பிறகும் ஆகர் கால் மணி நேரத்துக்கு மேல குச்சிய தள்ளிட்டே இருந்துச்சு, அவ்வளவு உள்ள நின்னுருக்கு. மறுநாள் அள்ளுனப்ப சாம்பல் ரெண்டு படி வந்துச்சு. செவப்புத் துணிக்கு மாமனாரு அவரோட பழைய துண்ட கிழிச்சுக் குடுத்து அவரே முடிஞ்சும் விட்டாரு. பொங்கலுக்கு மறுநாள் போறோம், மொதல்ல கறி வைக்காம அரை மணி நேரம் வெறுமனே எரிய விட்டுட்டு எப்படி இருக்குன்னு இங்கயே எழுதறேன்.