‘அட்வைஸ்’ என்ற சொல்லை வாக்கியத்தில் சரியாக வைப்பது எப்படி?

கேள்வி:
‘அட்வைஸ்’ என்ற பெயர்ச்சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் ஏன் பிழை என்றும் சொல்லுங்கள்.
1. ஹி கேவ் மி ஆன் அட்வைஸ்.
2. ஹெர் அட்வைசஸ் வேர் யூஸ்ஃபுல்.
3. மை டீச்சர் டோல்ட் மி எ குட் அட்வைஸ்.
4. ஐ ஹேர்ட் மை ஃபாதர்ஸ் அட்வைஸ் அண்ட் பாஸ்ட் தி எக்ஸாம்.
5. பை தி டாக்டர்ஸ் அட்வைஸ், ஷி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்.

பதில் 1:
முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தமிழில் ‘ஓர் அறிவுரை’, ‘பத்து அறிவுரைகள்’ என்று எண்ணிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ் தண்ணீர், மணல் மாதிரி. எண்ண முடியாத பெயர்ச்சொல். அதனால் முன்னால் ‘ஆன்’ வராது, பின்னால் பன்மை ‘எஸ்’ ஒட்டாது, வினையும் ஒருமையில்தான் நிற்கும்: ‘ஹி கேவ் மி சம் அட்வைஸ்’, ‘ஹெர் அட்வைஸ் வாஸ் யூஸ்ஃபுல்’. அடுத்த வாக்கியத்தில் அதைச் சுட்டும்போதும் ‘தெம்’ இல்லை, ‘இட்’. ‘மெனி’ வேண்டாம், ‘மச்’ போடுங்கள்.

எண்ணியே ஆகவேண்டும் என்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘த்ரீ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. பன்மை ‘பீஸ்’ மேல்தான் விழுகிறது, கவனியுங்கள். இல்லையென்றால் சொல்லையே மாற்றி ‘த்ரீ சஜஷன்ஸ்’ என்று எழுதலாம், சஜஷன் எண்ணக்கூடியது. ‘ஆன்’ கூடாது என்றதும் பலர் ‘தி’யையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லை. ‘தி அட்வைஸ் யூ கேவ் மி’ சரியான ஆங்கிலம்.

மூன்றாவதில் இன்னொன்றும் உண்டு. நாம் அறிவுரை ‘சொல்வோம்’, அதனால் ‘டோல்ட்’ வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அட்வைஸைக் ‘கொடுப்பார்கள்’: ‘மை டீச்சர் கேவ் மி சம் குட் அட்வைஸ்’.

பதில் 2:
நான்காவதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் இலக்கணப் பிழை எதுவுமே இல்லை. சிக்கல் நம் ‘கேள்’ என்ற வினையில். ‘அப்பாவிடம் அறிவுரை கேட்டேன்’ என்றால் வேண்டினேன். ‘அப்பாவின் அறிவுரையைக் கேட்டு நடந்தேன்’ என்றால் ஏற்றேன். காதில் விழுந்தாலும் ‘கேட்டது’தான். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வினை. ‘ஹியர்’ போட்டால் காதில் விழுந்தது என்பதோடு பொருள் நின்றுவிடும். அதன்படி நடந்ததாக ஆகாது. நீங்கள் சொல்ல வந்தது ‘ஐ டுக் மை ஃபாதர்ஸ் அட்வைஸ்’ அல்லது ‘ஐ ஃபாலோட் மை ஃபாதர்ஸ் அட்வைஸ்’. வேண்டினேன் என்பதற்கு ‘ஐ ஆஸ்க்ட் மை ஃபாதர் ஃபார் அட்வைஸ்’.

ஐந்தாவதில் ‘பை’ போய் ‘ஓ, என்’ என்று எழுதும் ‘ஆன்’ வரவேண்டும் (மேலே கூடாது என்றது ‘ஏ, என்’ என்று எழுதும் ‘ஆன்’, அது வேறு சொல்): ‘ஆன் தி டாக்டர்ஸ் அட்வைஸ்’. மீறி நடந்தால் ‘அகெய்ன்ஸ்ட் தி டாக்டர்ஸ் அட்வைஸ்’.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் வங்கிக் கடிதங்களில் ‘பேமென்ட் அட்வைஸ்’ என்று எண்ணும்படி வருகிறதே? ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதிலும் குழப்பம். ‘ஷி அட்வைஸ்ட் டு மி டு ரெஸ்ட்’ சரியா?

பதில் 1:
அங்கே பொருளே வேறு. பணம் அனுப்பியதை, வரவு வைத்ததை முறைப்படி தெரிவிக்கும் அறிவிப்புக்கு வணிக ஆங்கிலத்தில் அட்வைஸ் என்று பெயர். அந்தப் பொருளில் மட்டும் எண்ணலாம், பன்மையும் உண்டு. அறிவுரை என்ற பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பதில் 2:
தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான் குழப்பத்துக்குக் காரணம். பெயர்ச்சொல் ‘சி, ஈ’ என்று முடியும். கடைசி ஒலி உறைந்த ஐஸின் ‘ஸ்’. வினைச்சொல் ‘எஸ், ஈ’ என்று முடியும். அதன் கடைசி ஒலியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் தொண்டை அதிரும், ‘வை’யும் சற்று நீளும். விரலைத் தொண்டையில் வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். ‘பிராக்டிஸ்’ என்ற சொல்லில் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறைகள் வேறுபடும். ‘அட்வைஸ்’ விஷயத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் இரண்டிலும் மேலே சொன்ன அதே முறைதான்.

உங்கள் வாக்கியத்தில் முதல் ‘டு’வை எடுத்துவிடுங்கள். தமிழில் ‘எனக்கு’ என்பதால் அது உள்ளே வந்திருக்கிறது. இந்த வினைக்கு ஆள் நேராக ஒட்டும்: ‘ஷி அட்வைஸ்ட் மி டு ரெஸ்ட்’.