கட்டில் 'டெஸ்டர்'க்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துப் பழைய மரச்சாமான்கள் பத்தின புத்தகம் ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், பக்கத்துக்குப் பக்கம் 'டெஸ்டர்'னு வருது. தூண் வெச்ச கட்டிலுக்கு மேல கூரை மாதிரி இருக்குமே, அது. மெஷின்ல போட்டா 'சோதனையாளர் படுக்கை'ங்குது. சிலதுல துணி, சிலதுல மரம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கற வேர் (Ware) ஊர்க் கட்டில், 1590 வாக்குல செஞ்சது, மூணு மீட்டருக்கு மேல அகலம், அதோட டெஸ்டர் மரம். ஹாஃப் டெஸ்டர்னா தலைமாட்டுக்கு மேல மட்டும் கூரை. எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி சொல்லுங்க.

—

விதானம். இதுக்கு எதுக்கும்மா ஒரு இழை? 'கோல விளக்கே கொடியே விதானமே'ன்னு ஆண்டாளே கேட்டு வாங்கியாச்சு.

—

> விதானம்

வடசொல் ஐயா. சிலம்புலயே 'நீல விதானத்து' வருதேன்னு உடனே கிளம்பிடாதீங்க, அது கல்யாணப் பந்தல். கட்டிலுக்கு மேலயே வேணும்னா நெடுநல்வாடைக்குப் போங்க. பாண்டியன் தேவி வட்டக்கட்டில்ல படுத்துக்கிட்டு மேல பாக்கறா, 'புதுவது இயன்ற மெழுகுசெய் படமிசை' மேஷம் முதலா ராசியெல்லாம் எழுதியிருக்கு, நிலாவைப் பிரியாத ரோகிணிய அங்க பாத்துப் பெருமூச்சு விடறா. மெழுகு பூசின துணி, படம் வரைஞ்சது, கட்டிலுக்கு நேர் மேல. உரைகாரர் அத மேற்கட்டின்னே எழுதறார். இதவிட என்ன சாட்சி வேணும்? மேற்கட்டி, இல்லன்னா படம்.

—

அரைப்படம்னு போட்டா இடைவேளைக்கு அப்புறம் என்னாச்சும்பாங்க. மேற்கட்டின்னா சர்ஜனைப் பாக்கச் சொல்லுவாங்க. அதோட கட்டினாதான மேற்கட்டி? வேர் ஊர்க் கட்டில்ல யாரும் எதையும் கட்டல, ஆசாரி அடிச்சு மாட்டினது.

—

தம்பி சிரிக்கட்டும். டெஸ்டரோட வேர் லத்தீன் 'டெஸ்டா', மொதல்ல மண்சட்டி, அப்புறம் தலை. பிரெஞ்சுல தலைக்கு 'தெத்'ங்கறது அதுலேர்ந்து வந்ததுதான். நம்ம மண்டையும் அப்படியே! அதியமான் செத்தப்போ ஔவையார் பாடினது (புறம் 235), அவன் மார்பில தைச்ச வேல் 'இரும்பாணர் அகன்மண்டைத் துளையுரீஇ'ப் போச்சுன்னு. அங்க மண்டைங்கறது பாணன் சாப்பிடற பாத்திரம், இன்னிக்கு நமக்குத் தலை. ரெண்டு மொழியும் ஒரே வழில போயிருக்கு, அதனால மண்டையை வெச்சே 'மண்டைவேய்வு'ன்னு ஒண்ணு ஆக்கலாம்.

—

ஐயா, வெள்ளிக்கிழமை.

—

எங்கட பக்கம் கலியாண வீட்டிலயும் செத்த வீட்டிலயும் முகட்டுக்குக் கீழ துணி பிடிக்கிறதை வெள்ளை கட்டுறது எண்டுதான் சொல்லுவம், அது கட்டிலுக்குச் சரிவராது. ஆனா அரைவிதானம் எண்டு போட்டியளெண்டால் எங்கட சனம் விதானையாரை, அதுதான் ஊர் அலுவலரை, பகிடி பண்ணுறியள் எண்டு நினைக்கும், பாத்துச் செய்யுங்கோ அக்கா.

—

எல்லாரும் சப்பரமஞ்சத்த மறந்துட்டீங்களா? பாட்டி கதைல ராஜகுமாரி வேற எதுல தூங்கினா? சாமி சப்பரம் மாதிரி மேல கூடு வெச்ச கட்டில். டெஸ்டர் கட்டில்னா சப்பரமஞ்சம், ஹாஃப் டெஸ்டர்னா அரைச்சப்பரமஞ்சம். சொல்லு நம்ம வீட்டுல கிடக்கு, இங்க லத்தீனும் புறநானூறும் ஓடுது.

—

அது முழுக் கட்டிலுக்குப் பேருங்க. எனக்குக் கூரைக்கு மட்டும் வேணும். 'டெஸ்டரில் விரிசல்'னு ஒரு வரி இருக்கு, 'சப்பரமஞ்சத்தில் விரிசல்'னு எழுதினா எங்க விரிசல்னு எப்படித் தெரியும்? இதுக்கு நடுவுல 'ஸ்பார்வர்'னு இன்னொரு பழைய சொல்லும் வந்துடுச்சு, அதுவும் கட்டில் மேல தொங்கற கூடாரந்தான், பருந்து ஜாதி வல்லூறு பேர்லேர்ந்து வந்ததாம்.

—

வல்லூறா! பிரெஞ்சுல வல்லூறுக்கும் வீச்சுவலைக்கும் ஒரே பேர், விரிஞ்சு விழற அழகுக்காக. அப்போ ஸ்பார்வருக்கு 'வலைமாடம்'…

—

ஐயாவ யாராச்சும் பிடிங்க. நான் 'கட்டில் விதானம்'தான். பத்தாவது படிக்கற புள்ளைக்கும் புரியும்.

—

எனக்கும் அதுவே.

—

சரி போட்டுத் தொலைங்க, யாழ்ப்பாணத்துல சிரிச்சா சிரிக்கட்டும்.

—

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கூரைக்குக் கட்டில் விதானம், பாதிக்கு அரைவிதானம், முழுக் கட்டிலையும் சொல்ற எடத்துல சப்பரமஞ்சம். ஸ்பார்வரை ஸ்பார்வர்னே விட்டுட்டேன்.

—

மேற்கட்டி என்பதே என் கருத்து. ஆசாரி அடித்ததாலேயே அது மேற்கட்டி ஆகாது என்றால், இன்று இரும்பில் வார்க்கிற கட்டிலையும் எதைக் கட்டினார்கள் என்று கேட்க வேண்டிவரும். வெள்ளிக்கிழமை கழியட்டும், விரிவாக எழுதுகிறேன். விளிம்பில் தொங்குகிற ஜாலருக்கு என்ன போட்டீர்கள் என்பதையும் சொல்லவில்லை.