ஆர் மொழியில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வேலை முடிந்து வந்து இரவில் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி கற்கிறேன். டிப்ளையர் (dplyr) என்ற பேக்கேஜில், அதாவது தயார் ஃபங்ஷன்களின் தொகுப்பில், உள்ள செலக்ட் ஃபங்ஷனால் அட்டவணையில் வேண்டிய நெடுவரிசைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாடத்துக்காக மாஸ் (MASS) பேக்கேஜையும் லோடு செய்ததும், அதே வரி ‘அன்யூஸ்டு ஆர்கியுமென்ட்’ என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது.

காரணம் புரிந்துவிட்டது. மாஸிலும் ஒரு செலக்ட் இருக்கிறது, அது ரிட்ஜ் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறைக்கானது. கடைசியாக லோடு ஆனதுதான் முன்னால் நிற்கும். அதே தெருவில் இன்னொரு முருகன் குடிவந்ததும் கூரியர் எல்லாம் அவருக்கே போகிற கதைதான். டிப்ளையரின் ஃபில்டரும் ஆரோடு கூடவே வரும் ஸ்டாட்ஸின் ஃபில்டரை இப்படித்தான் மறைக்கிறது. லோடு செய்யும்போது அதைச் சொல்லத்தான் செய்கிறது, யார் படிக்கிறார்கள்?

பேக்கேஜ் பெயர், இரட்டைக் கோலன் (::), ஃபங்ஷன் பெயர் என்று முழுதாக எழுதினால் ஓடுகிறது. ஆனால் எல்லா வரியிலும் எழுதினால் கண் வலிக்கிறது. கான்ஃப்ளிக்டட் பேக்கேஜ் போட்டால், எது வேண்டும் என்று நாம் சொல்லும்வரை பிழை காட்டி நிறுத்திவிடும். ஆரின் 3.6.0 பதிப்பிலிருந்து, பேக்கேஜை லோடு செய்யும் லைப்ரரி கட்டளையிலேயே, வேண்டாத ஃபங்ஷனை விட்டுவிடும் எக்ஸ்க்ளூட் வசதியும் உண்டு. லோடு வரிசையை மாற்றச் சொன்னார் ஒருவர்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேலையில் ஆர் எழுதுகிறவர்கள் எதைப் பழக்கமாக வைத்திருக்கிறீர்கள்? முக்கியமாக, பலர் சேர்ந்து எழுதும் கோடில்? ஞாயிற்றுக்கிழமை இந்திராநகர் பக்கம் அரை மணி நேரம் கிடைத்தாலும் சரி, லேப்டாப்போடு வந்துவிடுகிறேன். காபி என் செலவு.