பழைய மிரர் படகில் நாடா உரிகிறது, துடுப்பும் சரியில்லை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி (இப்ஸ்விச், இங்கிலாந்து)

வணக்கம். போன வசந்தத்தில் ஒரு மரப்படகு வாங்கினேன், மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகு. 1963-இல் பிரிட்டனின் டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று கொண்டுவந்த படகு இது, வீட்டிலேயே வைத்துக் கட்டிக்கொள்ளலாம். பாய் சிவப்பாக இருப்பது அந்தப் பத்திரிகையின் நிறத்தால்தான். நீளம் 3.3 மீட்டர், வெறும் உடல் 45 கிலோ சொச்சம். நானும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் தண்ணீருக்குப் போய்விடும்.

வண்ணத்தைச் சுரண்டியபோதுதான் தெரிந்தது: அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் பழைய ஃபைபர் கிளாஸ் நாடா ஒரு முழ நீளத்துக்குத் தூக்கி நிற்கிறது. நகத்தால் தட்டினால் பொள்ளென்று ஒலி. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு மூலை கறுத்திருக்கிறது, ஊசி வைத்தால் இறங்குகிறது.

இன்னொன்று, துடுப்பு. படகோடு வந்தவை 1.8 மீட்டர். காற்று விழுந்த ஒரு மாலையில் ஓர்வெல் ஆற்றில் வற்றம் (கடல் வற்றும்போது ஓடும் நீரோட்டம்) எதிரே இழுக்க, ஒரு மணி நேரம் வலித்தும் அரை மைல்கூட நகரவில்லை. மகள் பயந்துவிட்டாள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அலுமினியப் பாய்மரமும் உயர்ந்த முக்கோணப் பாயும் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. பாய்மரமும் பருமலும் (பாயைக் கட்டும் கம்பு) எல்லாம் படகுக்குள்ளேயே அடங்குவதுதான் இதன் அழகு. எதில் தொடங்கலாம்?

பதில் (நார்விச்)

தம்பி, நாடாவில் தொடங்குங்கள். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மேலே நாடா ஒட்டிக் கட்டிய படகு இது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுக் கைவேலை சொல்லித்தந்த பாரி பக்னெலும் சேர்ந்து செய்த வடிவம். அந்தக் காலத்துப் பாலியஸ்டர் ரெசின் மரத்தில் ஒட்டி நிற்பது, ஈரம் உள்ளே புகாதவரைக்கும்தான்.

வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கித் தூக்கிய நாடாவை உரியுங்கள். பச்சை பூத்த கம்பித் துண்டு தெரிந்தால் பிடுங்க வேண்டாம், சமமாகத் தேய்த்தால் போதும். மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, எபாக்சியில் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை) மரத்தூள் கலந்து மூலையை உருட்டி நிரப்பி, அதன் மேல் புது நாடாவையும் எபாக்சியிலேயே ஒட்டுங்கள். எபாக்சி மேல் பாலியஸ்டர் நம்பகமாகப் பிடிக்காது. 10 டிகிரிக்குக் கீழே இறுகவும் நாளாகும், அதனால் மே மாதம் வரை பொறுங்கள். வெயில் எபாக்சியைக் கெடுக்கும், மேலே வண்ணம் அவசியம்.

கறுத்த மூலையில் மேலே பூசி மறைக்காதீர்கள். கெட்டி மரம் வரும்வரை வெட்டியெடுங்கள். 5 மி.மீ. பலகை என்றால், புதுத் துண்டைச் சேர்க்க விளிம்பைச் சரிவாகச் சீவும் நீளம் 40 மி.மீ., அதாவது எட்டு மடங்கு.

பதில் (மன்னாரில் வளர்ந்தவர், இப்போது கென்ட்)

துடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் அப்பா சொல்வது: வலிக்கிறவன் பலசாலியாக இருக்க வேண்டாம், துடுப்பு சரியான நீளத்தில் இருந்தால் போதும். துடுப்பைத் தாங்கும் இரண்டு கவைகளுக்கும் நடுவே 120 செ.மீ. இருந்தால் பாதி 60, அதோடு 5 சேருங்கள். துடுப்பில் கவைக்கு உள்ளே வருவது 65. உள்பக்கம் 7 பங்கு, வெளிப்பக்கம் 18 பங்கு என்பது பழைய கணக்கு. மொத்தம் 2.3 மீட்டர் வரும், படகுக்குள்ளும் அடங்கும். கவை உரசும் இடத்தில் தோல் சுற்றுங்கள். காற்று விழுந்ததும் பாயை இறக்கிப் பருமலைக் கட்டிவிடுங்கள், படபடக்கும் பாய் துடுப்பின் உழைப்பைத் தின்னும். மகளைப் படகின் பின்முனையில் உட்காரவைத்தால் பின்பக்கம் அமுங்கும். நீங்கள் கொஞ்சம் முன்னே நகருங்கள்.

கேட்டவர்

அண்ணாமாரே, மிக்க நன்றி. இன்று அளந்தேன், கவைகளுக்கு நடுவே 122. துடுப்புக்கு ஸ்ப்ரூஸ் மரப் பலகை பார்த்திருக்கிறேன். படகை மிதக்கவைக்கும் காற்றறைகளின் மூடிகளைத் திறந்து காயவிட்டிருக்கிறேன், இடது அறையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. கறுத்த மூலையை ஞாயிறன்று வெட்டுகிறேன். அலுமினிய மரம் வேண்டாம் என்று மகளும் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சிவப்புப் பாய்தான் வேண்டுமாம்.