அம்மாவுக்குச் சொதி விருந்து: ஓர் உதவி வேண்டும்

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சையும் 30 நாள் கதிர்வீச்சும் முடிந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. போன வாரப் பரிசோதனையில் நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

தை மாதம் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் சொந்தபந்தம் 60 பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். என்ன வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டோம். “சொதி” என்றார். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணம் முடிந்து நடக்கும் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற அதே சொதிக் குழம்பு. தேங்காயை மூன்று முறை பிழிந்து பாலெடுத்து, சிறுபருப்பும் காய்களும் சேர்த்து வைப்பது. என் மறுவீட்டில் அவரே நின்று வைத்தார். அந்த ருசியை இன்றும் உறவுகள் சொல்கிறார்கள்.

ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகு அவருக்கு உமிழ்நீர் குறைந்துவிட்டது. பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் பட்டால் வாய் எரிகிறது. வாயை அகலத் திறக்கவும் முடியவில்லை. அவருடைய விருந்திலேயே அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் கஞ்சி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரமும் புளிப்பும் இல்லாமல் சொதியை ருசியாக வைக்க வழி உண்டா? சொதிக்கு வழக்கமாக வைக்கும் இஞ்சித் துவையலுக்குப் பதிலாக எதைத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம்? இதே சிகிச்சை முடித்தவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று அவசியம் எழுதுங்கள். கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் பக்குவம் தெரிந்த தவசிப்பிள்ளை (விருந்துச் சமையல்காரர்) யாரேனும் இருந்தாலும் சொல்லுங்கள். நாங்களே நேரில் போய்ப் பேசிக்கொள்கிறோம்.