செயற்கைப் புல் போடும் முன் பின்புறத் தண்ணீரை எப்படி வடிப்பது? (களிமண், சாலையை விடத் தாழ்ந்த தரை)

கொல்லை300 கேட்டது:

சென்னை மடிப்பாக்கத்தில் தனி வீடு. பின்புறம் 20 × 15 அடி மண் தரை, சுத்தக் களிமண். பெருமழை விட்டு மூணு நாள் ஆனாலும் தண்ணி நிற்குது, அப்புறம் ஒரு வாரம் சேறு. சாலையை மேல மேல போட்டதில் இப்ப அது எங்க தரையை விட 9 அங்குலம் உயரம். மொட்டைமாடி 1000 சதுர அடி. அதோட ரெண்டு மழைநீர்க் குழாயும் பின்புறத்தில்தான் விழுது. சமையலறைத் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடி மேலே.

புல் போடுறவர், "ஒரு அடி கிராவல் கொட்டி, பாலிதீன் ஷீட் விரிச்சு, மேல புல்லைப் போட்டுடலாம். புல்லுல ஓட்டை இருக்கு, தண்ணி இறங்கிடும்" என்கிறார். சரியா? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். எந்த வரிசையில் செய்யணும், எவ்வளவு பொருள் வாங்கணும்?

வாட்டம்பார் பதில்:

அந்த ஷீட்டை விரிக்க விடாதீங்க. புல்லின் அடிப்பூச்சில் ஓட்டை இருப்பது உண்மைதான். ஆனா ஓட்டை வழியா இறங்கும் தண்ணி அதுக்கப்புறம் எங்கே போகும்? ஷீட் மேலேயே நின்னு பாசி பிடிக்கும், நாற்றம் எடுக்கும்.

கிராவலும் தீர்வில்லை. களிமண் தரை ஒரு சட்டி மாதிரி. அதுக்குள்ள எதைக் கொட்டினாலும் தண்ணி அடியில் நிற்கத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒன்றரை அடி இருக்கும் சமையலறை உயரம் அரை அடியாகி, சுவரில் ஓதம் ஏறும். காம்பவுண்டுச் சுவர் நாலரை அங்குலத் தடிமனா இருந்தா, நனைஞ்ச மண் தள்ளுவதை அது தாங்காது.

முதல் வேலை மாடியில்தான். 10 செ.மீ. மழைக்கு உங்க 300 சதுர அடித் தரையில் விழுவது சுமார் 2,800 லிட்டர். மாடியிலிருந்து இறங்குவது சுமார் 9,300 லிட்டர். அதாவது பின்புறத்தில் நிற்பதில் முக்கால் பங்கு மாடித் தண்ணி. இதை மண்ணில் விழவே விடக் கூடாது. ரெண்டு குழாயையும் 110 மி.மீ. பிவிசியில் சேர்த்து, பக்கச் சுவரில் கிளாம்ப் அடிச்சு வீட்டு முன்பக்கம் கொண்டு போங்க. தண்ணி உயரத்திலிருந்து வருவதால், குழாயைச் சாலை மட்டத்துக்கு மேலேயே ஓட்டலாம், பம்ப் தேவையில்லை. முதலில் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு, நிரம்பி வழிவது தெரு மழைநீர் வடிகாலுக்கு. 2003லிருந்து சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்க வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கும். பல வீட்டில் அது சேறு அடைஞ்சு கிடக்கும், தூர் வாருங்க.

கழிவுநீர் சேம்பரில் மட்டும் மழைநீரை இணைக்காதீங்க. சாக்கடை நிறையும்போது அதே வழியா கழிவு வீட்டுக்குள் திரும்பும்.

ஜல்லிக்கணக்கு பதில்:

மேலே சொன்னது முடிஞ்ச பிறகு தரை வேலை.

ஒரு சோதனை செய்யுங்க. ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணி ஊத்தி ஊற விடுங்க. மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குதுன்னு அளவுகோலால் பாருங்க. ஒரு அங்குலத்துக்குக் குறைவா இறங்கினா மண்ணை நம்பிப் பயனில்லை, குழாய் போட்டே ஆகணும். நீங்க சொல்றதைப் பார்த்தா அப்படித்தான் வரும்.

1. ஆறரை அங்குலம் மண்ணை வெட்டி வெளியேத்துங்க. வெட்டும்போதே வாட்டம் கொடுக்கணும்: வீட்டுச் சுவரிலிருந்து 15 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். டியூப் லெவல் (தண்ணி நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ட்யூப்) வச்சு, நூல் கட்டிப் பாருங்க. கண் மதிப்பில் வேலை செய்தா நடுவில் பள்ளம் விழும், புல் போட்ட பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

2. தாழ்ந்த பக்கம், காம்பவுண்டிலிருந்து 2 அடி தள்ளி, ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் 20 அடி நீள வாய்க்கால். சுவரின் அஸ்திவாரத்தை விட ஆழமாப் போகாதீங்க. நீளவாக்கில் 20 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம்.

3. தரை, வாய்க்கால் ரெண்டிலும் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி). ஓரத்தில் ஒரு அடி மேல்படிய விரிங்க. இதை விட்டுட்டா முதல் மழையிலேயே ஜல்லி களிமண்ணில் புதையும், களி ஜல்லி இடுக்கில் ஏறும்.

4. வாய்க்காலில் 2 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, மேல 110 மி.மீ. பிவிசி. குழாயில் ரெண்டு வரிசையா 10 மி.மீ. ஓட்டை, 4 அங்குல இடைவெளியில். ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்கணும். பலரும் மேலே பார்க்க வைப்பாங்க, அப்போ தண்ணி குழாய் உயரத்துக்கு நிரம்பினாத்தான் உள்ளே போகும். உயரமான முனையில் செங்குத்தா மேலே வரும் ஒரு குழாயும் மூடியும் விடுங்க, பின்னாடி அடைச்சா ஹோஸ் விட்டு அலசலாம்.

5. வாய்க்காலை ஜல்லியால் நிரப்பி, தரை முழுக்க 4 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, மேல ஒரு அங்குலம் 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி). 2 அங்குலம் 2 அங்குலமா கொட்டி, திமிசு அல்லது பிளேட் காம்பாக்டர் போடுங்க.

தரைக்கு 300 சதுர அடி × 4 அங்குலம் = 100 கன அடி, ஒரு யூனிட். வாய்க்காலுக்கு 30 கன அடி. அமுங்குவதையும் சேர்த்து 20 மி.மீ. ஜல்லி ஒன்றரை யூனிட், சிப்ஸ் 30 கன அடி.

கொல்லை300:

ரொம்ப நன்றி சார். சிப்ஸுக்குப் பதிலா கிரஷர் டஸ்ட் போட்டா மட்டம் நல்லா வரும்னு மேஸ்திரி சொல்றார். குழாய்த் தண்ணி எங்கே போய் விழணும்? சாலைதான் மேலே இருக்கே.

ஜல்லிக்கணக்கு:

மேஸ்திரி சொல்ற மாதிரி மட்டம் அருமையா வரும், ஆனா தண்ணி இறங்காது. டஸ்ட்டில் மாவு மாதிரி தூள் இருக்கு. ஒரு கை அள்ளி ஒரு கிளாஸ் தண்ணியில் போட்டுக் கலக்கிப் பாருங்க, மேலே சாம்பல் கலங்கல் நிற்கும். அந்தத் தூள்தான் நனைஞ்சு அமுங்கினதும் கெட்டியா இறுகிடும். கழுவின சிப்ஸே வாங்குங்க.

ஈரக்கல் பதில்:

தண்ணி விழும் இடத்துக்கு: தெரு வடிகாலின் அடிமட்டத்தை டியூப் லெவலில் அளங்க. உங்க குழாய் வாயை விட அது தாழ்வா இருந்தா, வார்டு அலுவலகத்தில் கேட்டு நேரா இணைக்கலாம். கண்டிப்பா ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேணும். 2015, 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தெரு நிறையும்போது தண்ணி உள்ளே திரும்பி வரும்.

வடிகால் உயரமா இருந்தா, மூலையில் 2 × 2 × 3 அடி தொட்டி கட்டி, ஃப்ளோட் சுவிட்சோடு (தண்ணி ஏறினா தானா பம்பைப் போடும் மிதவை சுவிட்ச்) அரை எச்.பி. டிரெயினேஜ் பம்ப். மணிக்கு 5 செ.மீ. கொட்டினாலும் உங்க தரைக்கு நிமிஷத்துக்கு 23 லிட்டர்தான் வரும், அரை எச்.பி. தாராளம். மாடித் தண்ணியைப் பிரிச்சிருந்தா மட்டும் இந்தக் கணக்கு. பம்புக்குத் தனி சர்க்யூட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்க. மழையில் கரண்ட் போகும், இன்வர்ட்டர் அரை எச்.பி. ஸ்டார்ட்டிங்கைத் தாங்குமான்னு முன்னாடியே எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க.

உறைக்கிணறு இறக்கி, தண்ணியை அதில் விட்டுடலாம்னு யாராவது சொன்னா, உங்க பகுதியில் கார்த்திகையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்குதுன்னு பக்கத்துக் கிணத்தை எட்டிப் பாருங்க. உறையே நிரம்பி இருந்தா அது வாங்காது.

ரெண்டு சின்ன விஷயம். ஓரத்தில் சிமெண்ட் கரை கட்டினா தாழ்ந்த பக்கம் 3 அடிக்கு ஒரு ஓட்டை விடுங்க, இல்லைன்னா கரையே அணையா நிற்கும். புல்லுக்குள் தூவும் மணல் கழுவின சிலிக்கா மணல், சதுர அடிக்கு அரை முதல் ஒரு கிலோ.

புல் ரோலைப் பிரிக்கும் முன், சிப்ஸ் மேல மூணு நாலு இடத்தில் அரை மணி நேரம் ஹோஸ் விடுங்க. குழாய் வாயில் விழும் தண்ணி தெளிவா இருக்கணும், ஹோஸை நிறுத்தி 15 நிமிஷத்தில் மேலே எங்கேயும் ஈரம் பளபளக்கக் கூடாது. அப்படிப் பளபளக்கும் இடம் இருந்தா சுண்ணாம்பால் குறிச்சு, அதைக் கிளறி மட்டம் பார்த்துட்டுப் புல்காரரை வரச் சொல்லுங்க.