பெனால்டிக்கு விசில் ஊதிய பிறகு: நடுவர்களின் அனுபவங்கள்

ஃபேரர் பார்க் நடுவர்:

பெனால்டி கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கால்பந்து நடுவருக்குப் பெரிய தலைவலி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், விசில் ஊதிப் பந்தைப் புள்ளியில் வைத்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது என்பேன்.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். துணை நடுவர்கள் கிடையாது, நான் ஒருவன்தான். முதல் நாள் மழையில் கோல் கோடு மங்கிப்போய், கம்பத்துக்குக் கம்பம் கண்ணாலேயே கோடு போட்டுப் பார்க்க வேண்டிய நிலை. பந்தை உதைப்பதற்குள் கோல்காப்பாளர் இரண்டு காலையும் எடுத்து முன்னே தாவிவிட்டார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. தாக்கும் அணி முழுவதும் என்னைச் சூழ்ந்துகொண்டது, “மறுபடியும் உதைக்க வேண்டும்!” என்று. ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “இரண்டு காலும் கோட்டில் இருக்கணும் தம்பி, சட்டம் தெரியாதா?” என்று சத்தம் போட்டார்.

அவர் சொன்னது பழைய சட்டம். 2019இலிருந்து, பந்தை உதைக்கும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதி கோட்டில் இருந்தாலே போதும். இந்தக் கோல்காப்பாளர் அதையும் மீறினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் கை படாமல் பந்து வெளியே போனாலோ கம்பத்தில் பட்டாலோ, அவருடைய செயல் உதைத்தவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறு உதை உண்டு. உதைத்தவர் குனிந்த தலை நிமிராமல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மறு உதை இல்லை, தற்காப்பு அணி தன் கோல் பக்கமிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும் கோல் கிக் கொடுத்தேன். அதே பந்தைக் கோல்காப்பாளர் தடுத்திருந்தால் மறு உதைதான். அதோடு முதல் முறை எச்சரிக்கை, திரும்பச் செய்தால் மஞ்சள் அட்டை.

துணை நடுவர்கள் இருக்கும் ஆட்டங்களில் கோல்காப்பாளரின் காலைப் பார்க்க அவர்களில் ஒருவர் வழக்கமாகக் கோல் கோட்டில் நிற்பார். தனி ஆளாக நடத்தும்போது ஒரு பக்கம் கோல் கோடு, மறுபக்கம் அதிலிருந்து 16.5 மீட்டர் தள்ளி பெனால்டி கட்டத்தின் விளிம்பு. இரண்டையும் ஒரே நொடியில் யாராலும் பார்க்க முடியாது. அதனால் உதைக்கு முன்பே கோல்காப்பாளரிடம் போய், “ஒரு கால் கோட்டில் இருக்கட்டும்” என்பேன். விளிம்பில் நிற்கும் மற்ற வீரர்களிடமும், உதைக்கு முன் உள்ளே வராதீர்கள் என்று ஒரு வார்த்தை. அந்த அரை நிமிடம் வீண்போவதில்லை, பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடுகிறது.

ஈசூன் வாசி:

அண்ணன் சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் நடத்திய ஓர் ஆட்டத்தில், பெனால்டி உதைத்தவர் ஈரத் தரையில் வழுக்கினார். வலது காலால் உதைத்த பந்து இடது காலிலும் பட்டு வலைக்குள் போனது. கோல் என்று ஒரு அணி துள்ளியது, இருமுறை பட்டது, செல்லாது என்று மற்ற அணி கத்தியது. நான் மறு உதை என்றதும் இரண்டு அணிகளுக்கும் கோபம்.

2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் அட்லெட்டிகோ வீரர் ஹூலியன் ஆல்வாரெஸின் உதை இப்படித்தான் ரத்தானது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் விதி தெளிவாக்கப்பட்டது: தற்செயலாக இருமுறை பட்டுக் கோலானால் மறு உதை. கோலாகாவிட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் மேல் பட்ட பிறகே கோலாகக்கூடிய உதை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணித்தலைவர்களையும் கூப்பிட்டுக் கைப்பேசியில் அந்த வரியைக் காட்டினேன். ஒருவர் கை குலுக்கினார். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் பழகிவிட்டது.

ஒரு நடுவரின் அம்மா:

என் மகன் பதின்ம வயதில் நடுவர் பயிற்சி முடித்துச் சிறுவர் ஆட்டங்களை நடத்துகிறான். ஒரு பெனால்டிக்காக அவனைவிட முப்பது வயது மூத்த அப்பாக்கள் அவன் முகத்துக்கு நேராகக் கத்தியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணத்திலும் ஷம்சுல் மைதீன் 2006 உலகக் கிண்ணத்திலும் விசில் ஊதினார்கள், இருவரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களும் எங்கோ ஒரு சிறிய திடலில்தான் தொடங்கியிருப்பார்கள். பிள்ளைகளை இப்படி விரட்டினால் அடுத்தவர் எங்கிருந்து வருவார்?

ஒரு சந்தேகம். அன்று உதைத்த பையன் ஓடி வரும்போது நின்று நின்று வந்தான். அது தவறு, என் மகன் அதை விட்டுவிட்டான் என்றுதான் அவர்கள் கத்தினார்கள். தவறா?

ஃபேரர் பார்க் நடுவர்:

தவறில்லை அக்கா. ஓடி வரும்போது வேகத்தைக் குறைக்கலாம், ஏமாற்றவும் செய்யலாம். ஓட்டத்தை முடித்து, காலை ஊன்றிய பிறகு உதைப்பதுபோல் பாசாங்கு செய்தால்தான் குற்றம். அப்போது பந்து உள்ளே போனாலும் கோல் இல்லை. எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், உதைத்தவருக்கு மஞ்சள் அட்டை. உங்கள் மகன் கொடுத்த முடிவு சரி. இதை அவனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவன் ஆட்டம் எந்தத் திடலில் என்று சொன்னால் நானும் வந்து ஓரத்தில் நிற்கிறேன்.